மடியில் கனம்: கரடியனாற்று வழியில் நம்மவர்கள் கொண்டு போனவை

எங்கள் உம்மம்மா 2003ல் மௌத்தானபோது அவருடைய தலையணைக்குக் கீழே ஒரு பொலித்தீன் பை இருந்தது. கடையில் சீனி கட்டித் தருகிற சாதாரணப் பை. இரண்டாக மடித்து, இறப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். உள்ளே ஐந்து சாமான்கள்: ஒரு லேஞ்சியில் முடிந்த சில்லறை, ஒரு பழைய கூப்பன் புத்தகம், எங்கள் அப்பாவின் (உம்மாவின் வாப்பா) அடையாள அட்டை, ஓரம் கிழிந்த சிறிய யாஸீன் கிதாபு, கரடியனாற்றுப் பக்கம் மூன்று ஏக்கர் வயலுக்கான பெர்மிட்.

1990ல் ஏறாவூரை விட்டு ஓடியபோது அவர் கையில் எடுத்தது இது மட்டும்தான். அடுப்பில் சோறு இருந்தது, அலுமாரியில் புடவை இருந்தது, கோழிக் கூடு திறந்து கிடந்தது. பதின்மூன்று வருஷம் எந்த ஊரில், யாருடைய வீட்டில் படுத்தாலும் அந்தப் பை அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. “மனே, வீடு போனாக் கட்டலாம். இது போனா நாம யாரெண்டு சொல்ல ஆளில்ல” என்பார்.

நமது வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளிவாசல்களையும் செப்பேடுகளையும் ஒல்லாந்தர் எழுதி வைத்த குறிப்புகளையும் தேடிப் போகிறார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் ஒரு சாதாரண மனிதர் வீட்டிலிருந்து புறப்படும்போது மடியிலும் பையிலும் என்ன வைத்திருந்தார் என்பதும் வரலாறுதான். ஏனென்றால் மனிதன் வழியில் தன்னை மறிக்கப்போவது யார் என்று நினைத்துத்தான் சாமான் எடுத்து வைக்கிறான். உம்மம்மாவின் பையில் இருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

லேஞ்சி முடிச்சு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் இருப்பது எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. கரடியனாறு படுவான்கரையில், செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் உள்ளது. ஏறாவூர் முஸ்லிம்களின் வீடு எழுவான்கரையில், வயல் படுவான்கரையில். அதனால் வழிப்போக்கு என்பது நமக்கு யாத்திரையல்ல, வயிற்றுப்பாடு.

இந்த வழி புதிதுமல்ல. வண்டிப் பாதை வருமுன்னரே உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு நம்மவர்கள் கண்டி இராச்சியத்துக்குள் போய்வந்தார்கள். தவளம் என்பது அந்த வியாபாரம். போகும்போது உப்பு, வரும்போது பாக்கு. 1626ல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி அரசன் செனரத் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயரின் எழுத்தே சொல்கிறது. அந்த மக்கள் எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் விரட்டியவர்களின் சொல் ஒன்று நமது மடியிலேயே தங்கிவிட்டது. கைக்குட்டைக்கு நாம் சொல்லும் லேஞ்சி, போர்த்துக்கேயரின் லென்சோ. 1638ல் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்களுடைய செப்புக் காசான டொய்ட், துட்டு ஆயிற்று. ஆங்கிலேயர் 1872ல் ரூபாயையும் சதத்தையும் நாட்டின் ஒரே செலாவணியாக்கினார்கள். பேர்ஸ் என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. ஒரு லேஞ்சியில் துட்டை முடிந்து மடியில் செருகிய கிழவிக்குத் தெரியாது, தான் இரண்டு சாம்ராச்சியங்களைச் சேர்த்து முடிகிறோம் என்று.

அன்றைய ஆண்களின் மடி எளிமையானது. சாரனுக்கு மேல் அகலமான தோல் வார். அதன் பைக்குள் காசு, பாக்குவெட்டி, சிறு சுண்ணாம்புக் குப்பி. வெத்திலை தனியாக ஒரு சுருக்குப் பையில். வெள்ளிக்கிழமையானால் தொப்பியும் அத்தர்க் குப்பியும் சேரும். வெத்திலையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கலியாணத்துக்கு அழைப்பதும் அதனால்தான், வயல் பேச்சைத் தொடங்குவதும் அதனால்தான். முஸ்லிம் போடியாருக்குத் தமிழ் முல்லைக்காரன், தமிழ்ப் போடியாருக்கு முஸ்லிம் முல்லைக்காரன் என்று இருந்த காலத்தில், இத்தனை அவணம் விதைப்பு, இத்தனை கூலி என்ற உடன்படிக்கை எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. வாடிக்குள் உட்கார்ந்து வெத்திலையை நீட்டினால் பேச்சு முடிந்தது. தகராறு வந்தால் வட்டவிதானை இருக்கிறார். ஆளை ஆள் முகத்தால் அறிந்த காலம் அது.

‘மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை’ என்ற பழமொழி அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. காசு வைத்திருப்பவன்தான் கள்ளனுக்குப் பயப்பட வேண்டும். வெறும் மடிக்காரன் பாடிக்கொண்டே போகலாம்.

கூப்பன் புத்தகம்

அரசாங்கம் நமது மடிக்குள் முதலில் வைத்த காகிதம் கூப்பன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா அரிசி வருவது நின்றதும் பங்கீடு வந்தது. ஆளுக்கு ஒரு புத்தகம், வாரத்துக்கு ஒரு துண்டு. பின்னர் அதுவே அரசியலின் அச்சாணியாயிற்று. 1953ல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் எழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார்.

நெல் விளைகிற ஊரில் கூப்பனுக்கு என்ன மதிப்பு என்று இளையவர்கள் கேட்கலாம். வயல் உள்ள போடியாருக்கு அது பெரிய விஷயமில்லை. கூலிக்குப் போகிறவனுக்கு அதுதான் சோறு. கையில் காசு இல்லாத மாதத்தில் கடைக்காரரிடம் கூப்பன் புத்தகத்தையே ஈடு வைத்தவர்கள் உண்டு. ‘கூப்பன் வெட்டுப்பட்டவன்’ என்றால் மௌத்தானவன் என்று நையாண்டியாகச் சொல்வார்கள். ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைக் காகிதம் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் நமது பேச்சுக்குள் புகுந்தது அப்போதுதான்.

எழுபதுகளில் நிலைமை இன்னும் இறுகியது. நெல் கொள்வனவை அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை கையில் எடுத்தது. சிறிதளவுக்கு மேல் அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை வந்தது. வீதிகளில் தடைக் கம்பம் போட்டு பஸ்களை நிறுத்திப் பைகளைக் கிண்டினார்கள். கொழும்பில் இருக்கும் மகளுக்குத் தன் சொந்த வயல் அரிசியைக் கொண்டுபோன தாய், அதைத் தலையணை உறைக்குள் மறைத்த கதைகள் நமது வீடுகளில் உண்டு. வழியில் பை சோதிக்கப்படுவது யுத்தத்தோடு வந்த பழக்கம் என்று நினைக்கிறோம். அதற்கு முன்னரே அரிசிக்காக அது தொடங்கிவிட்டது. 1979ல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. உம்மம்மா மட்டும் பழைய புத்தகத்தை எறியவில்லை. “அதுல எல்லாரிட பேரும் கிடக்கு” என்றார்.

அடையாள அட்டை

ஆட்களைப் பதிவுசெய்யும் 32ஆம் இலக்கச் சட்டம் 1968ல் நிறைவேறியது. அதற்கான திணைக்களம் 1971லும், முதல் அட்டைகள் 1972லும் வந்தன. ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட எண். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். 1960ஆம் ஆண்டின் முதல் நாள் பிறந்த ஆணுக்கு 60001 என்று தொடங்கினால் பெண்ணுக்கு 60501. கடைசி எழுத்து ‘வி’ என்றால் வாக்குரிமை உள்ளவர், ‘எக்ஸ்’ என்றால் இல்லாதவர். இப்போது இலக்கங்கள் பன்னிரண்டு.

இந்த எண்ணில் இனம் இல்லை, மதம் இல்லை. ஆனால் அட்டையில் இருக்கும் மொழி பேசியது. சிங்களப் பகுதிகளில் அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழ் பேசும் பகுதிகளில் சிங்களத்தோடு தமிழும் சேர்ந்திருந்தது. ஆகவே கொழும்பில் அட்டையைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்திலேயே நீ எங்கத்தையான் என்று தெரிந்துவிடும். 2014ஆம் ஆண்டளவில்தான் எல்லோருக்கும் இரு மொழி என்று ஆனது.

நமது பகுதியில் மொழியாலும் பிரிக்க முடியாது. தமிழருக்கும் முஸ்லிமுக்கும் பேச்சு ஒன்று, சாரன் ஒன்று, வெயிலில் கறுத்த தோலும் ஒன்று. மிஞ்சுவது பெயர். 1990ல் அந்தப் பெயர்தான் உயிரைத் தீர்மானித்தது. ஒரு தடைமுகாமில் ‘முகம்மது’ என்ற பெயர் ஆளைக் காப்பாற்றியது. அதே வீதியில் சில மைல் தள்ளி அதே பெயர் ஆளைக் கொன்றது.

அந்த ஜூலையில் காத்தான்குடியை நோக்கி வந்துகொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ்ஜு முடித்துத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஹஜ்ஜிலிருந்து வருகிறவர்களின் பையில் என்ன இருக்கும் என்று இந்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழம், பிள்ளைகளுக்குத் தொப்பி. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களும், 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் உறங்கிக் கிடந்தவர்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சில நூறு ரூபாயும் மாற்று உடுப்பும் உள்ள ஒரு பை, அவ்வளவுதான் அனுமதி. பெண்களின் காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வாழ்க்கையை ஒரு பையின் அளவுக்குச் சுருக்கச் சொன்ன நாள் அது.

நீதிக்காக எழுதுகிறவன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். அதே செப்டெம்பரில் வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து தமிழ் இளைஞர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டார்கள். சுற்றிவளைப்பில் நூற்றுக்கணக்கானோர் அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நிற்க, முகமூடி போட்ட தலையாட்டி ஒருவன் தலையசைப்பதில் உயிர் தொங்கியது. நமது ஊர்காவல் படையில் இருந்த சிலரின் கைகளும் சுத்தமாக இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் நமது துயரத்தை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது, வழக்காகும்.

பழமொழி தலைகீழானது இங்கேதான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் வந்தது. காசு இல்லாமல் வெளியே போகலாம், அட்டை இல்லாமல் போக முடியாது. குளிக்கப் போகும்போதும் சாரன் மடிப்பில் அட்டையைச் செருகிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வியர்வையில் ஊறி எழுத்து அழிந்துவிடும் என்று அதைப் பொலித்தீனில் சுற்றி, மேலே ‘டேப்’ ஒட்டி வைப்பார்கள். பிள்ளை வயலுக்குப் புறப்பட்டால் உம்மாமார் முன்பு “சோறு எடுத்தியா?” என்று கேட்பார்கள். தொண்ணூறுகளில் கேள்வி மாறிவிட்டது: “ஐசி எடுத்தியா மனே?”

யாஸீன் கிதாபு

பையில் இருந்தவற்றில் எந்த அதிகாரியும் கேட்காத ஒன்று இந்தக் கிதாபு. உள்ளங்கை அளவு. அட்டையின் உட்புறத்தில் அரபுத்தமிழில் உம்மம்மாவின் உம்மாவுடைய பெயரும் பிள்ளைகள் பிறந்த நாட்களும் எழுதியிருந்தன. பொட்டணி தூக்கித் துணி விற்ற நம்மவர்கள் கடன் கணக்கை எழுதியதும் இந்த எழுத்தில்தான். பதிவு அலுவலகம் எட்டாத ஊர்களில் பிறப்புச் சான்றிதழாக இருந்ததும் கிதாபின் உள்ளட்டைதான்.

வழியில் துணை என்று அதை எடுத்துப் போனார்கள். ஆனால் துணையே பயமான காலமும் வந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. அவற்றில் ஒன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில். வழிபடப் போன பிள்ளைகள் செத்தார்கள். அதைச் செய்தவர்கள் நமது பெயரைச் சொல்லிச் செய்தார்கள். பின்வந்த வாரங்களில் வைத்தியசாலை வாசலிலும் பாடசாலை வாசலிலும் நமது பெண்களின் பைகள் கவிழ்க்கப்பட்டன. ஏப்ரல் 29ஆம் திகதி அவசரகால விதியில் முகத்தை மூடுவது தடுக்கப்பட்டது. அரபெழுத்து உள்ள எதையும் பைக்குள் வைக்கப் பயந்து, துஆப் புத்தகங்களைக் கிணற்றில் போட்டவர்கள், மண்ணில் புதைத்தவர்கள் எத்தனை பேர். அந்தக் கிதாபுகளின் உள்ளட்டையில் எத்தனை குடும்பத்தின் பிறந்த நாட்கள் இருந்தனவோ, அவையும் சேர்ந்தே போயின. நூலகம் எரிந்தால் உலகம் அறியும். கிணற்றில் போட்ட கிதாபுக்குச் சாட்சி போட்டவர் மட்டும்தான்.

பெர்மிட்

கடைசியாக இருப்பது காணிப் பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிகள் பெர்மிட்டில் பகிர்ந்தளிக்கப்பட்டன. படுவான்கரையில் நம்மவர்கள் செய்த வயல்களில் கணிசமானவை இப்படி வந்தவைதான். 1990க்குப் பிறகு அந்தப் பக்கம் போக முடியவில்லை. உறுகாமத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களும் எழும்பி வந்தன. கரடியனாறு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செங்கலடிக் கறுப்புப் பாலத்தில் இராணுவச் சோதனை, அதைத் தாண்டினால் மறுதரப்பின் சோதனை. இந்தப் பக்கத்தில் பட்டரி, உரம், எண்ணெய் இருக்கிறதா என்று பை பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் வரி கேட்டார்கள்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. ஏப்ரல் 13ஆம் திகதி ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் கிளிநொச்சியில் செய்துகொண்ட உடன்பாட்டில், கிழக்கு முஸ்லிம்கள் தமது வயல்களைச் செய்யலாம் என்ற பேச்சும் இருந்தது. அந்த வருஷம் உம்மம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கரடியனாற்றுக்குப் போனார். பை அவருடைய இடுப்பில். வயலை அடையாளம் காண முடியவில்லை, வரம்புகள் அழிந்துவிட்டன. பக்கத்து வயலில் நின்ற ஒரு தமிழ்ப் பெரியவர் அவரைக் கண்டு, “காக்காட பெண்சாதியா?” என்று கேட்டார். பிறகு ஒரு மருதமரத்தைக் காட்டி, “அதிலிருந்து ஆத்துப் பக்கம் உங்கட. நான்தான் ரெண்டு போகம் செய்தன், மாடு பூந்து பாழாப் போகுமெண்டு” என்றார். உம்மம்மா பெர்மிட்டை எடுக்கவேயில்லை. மடியிலிருந்து வெத்திலையை எடுத்து நீட்டினார். இருவரும் அழுதார்கள்.

வெத்திலையால் தீர்ந்த அந்த வழக்கு காகிதத்தால் தீரவில்லை. 2007 ஜூலையில் குடும்பிமலையோடு படுவான்கரை முழுவதும் அரசின் கைக்கு வந்தபின் அலுவலகங்களில் ஏறி இறங்கினோம். பெர்மிட் அப்பாவின் பெயரில். அவர் பின்னுரிமையாளர் என்று எவரையும் எழுதி வைக்கவில்லை. அப்படி எழுதாவிட்டால் பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்று அந்தச் சட்டம் சொன்னது. நமது வழக்கமோ வேறு. குடி தாய்வழி வருகிறது, வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறான். வீட்டுக்கு உரிமைக்காரியான அதே பெண், வயலுக்கு வெறும் ‘பெண்சாதி’. பதின்மூன்று வருஷம் அந்தப் பத்திரத்தை இடுப்பில் கட்டிக் காத்தவர் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை. 2022ல்தான் ஆண், பெண் பேதம் நீங்க அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. உம்மம்மாவுக்கு அது பத்தொன்பது வருஷம் பிந்திய செய்தி.

இனி

இன்று நமது பிள்ளைகளின் மடி இலேசாகிவிட்டது. எல்லாம் கைத்தொலைபேசிக்குள். 2022ல் எரிபொருள் வரிசையில் நின்றபோது கியூஆர் குறியீடுதான் நமது கூப்பனாயிற்று. 2017 முதல் வந்த புதிய அட்டையில் மொழி மூன்று. வழியில் தடைமுகாம் இல்லை, செங்கலடியிலிருந்து பதுளைக்குக் கார்பெட் வீதி. நல்லதுதான். ஆனால் இந்த இலேசில் ஓர் அலட்சியமும் வருகிறது. பழைய பை இனி எதற்கு என்று தூக்கி எறிகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும், மரப்பெட்டியின் அடியிலோ குர்ஆன் வைத்த தட்டின் பின்னாலோ. அதைத் திறந்து பாருங்கள். கிதாபின் உள்ளட்டையில் யாருடைய பெயர் இருக்கிறது, கூப்பன் புத்தகத்தில் யார் யார் இருந்தார்கள், பெர்மிட்டில் யாருடைய பெயர் இல்லை என்று பாருங்கள். கரையான் தின்னுமுன் பிரதி எடுத்து வையுங்கள். அந்தப் பையைக் காத்த பெண்ணின் பெயரையும் மேலே எழுதி வையுங்கள். காணி வழக்குகளில் நாளை அது சாட்சியாகலாம். ஆகாவிட்டாலும், நாம் யாரென்று சொல்ல ஆள் இருக்கும்.